தூசி துடைத்த படங்கள்

ஸ்கேனர் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் மெஷினைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். அதை ஓட்டுகிற மென்பொருளைப் பற்றி ஒருவரும் வாய் திறந்து கேட்பதில்லை. மெஷின் பார்க்கும், அவ்வளவுதான் சார். பார்த்ததில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று முடிவு செய்வது மென்பொருள்தான். இதை எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன், காதில் போட்டுக்கொண்டவர் யாரும் இல்லை. நீங்களாவது பொறுமையாகக் கேட்கிறீர்கள், அதுவும் எழுதிக்கொள்ள ஓர் ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

தண்ணீர் வேண்டாம், இப்போதுதான் குடித்தேன். முதலிலிருந்தே சொல்கிறேன். நடுவில் கொஞ்சம் தொழில் விஷயம் வரும். அதைத் தாண்டிக்கொண்டு போனால் மற்றதெல்லாம் உங்களுக்கு ஏதோ பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். நான் பைத்தியக்காரன் இல்லை. என்னை விசாரித்த எல்லாரும் அதைச் சொல்வார்கள்.

குழந்தைகள் இல்லத்தில் நான் புகைப்படக்காரனாகச் சேர்ந்தபோது எனக்கு மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. வேலை ஒன்றே ஒன்றுதான். புதிதாக வரும் குழந்தையைச் சாம்பல் நிறச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, கையில் ஒரு கறுப்புப் பலகையைக் கொடுத்து, பலகையில் சாக்பீஸால் எண் எழுதி, ஒரு படம் எடுக்க வேண்டும். கறுப்பு வெள்ளை ஃபிலிம். அழுகிற பிள்ளை, நின்றபடியே தூங்குகிற பிள்ளை, பலகையை நக்கிப் பார்த்து எண்ணை அழித்துவிடுகிற பிள்ளை என்று எல்லா ரகத்தையும் பார்த்தாகிவிட்டது. கிளிக் செய்வதற்கு முன்னால் நான் கழுதைபோல ஒருதரம் கத்துவேன். பாதிப் பிள்ளைகள் சிரித்துவிடும். மீதிப் பிள்ளைகள் இன்னும் பலமாக அழும்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வேறெங்கும் அதை நான் கேள்விப்பட்டதில்லை. குழந்தையை ஒரேயடியாக விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளுங்கள், நிலைமை சரியானதும் வந்து அழைத்துப் போகிறேன் என்பவர்களும் உண்டு. திரும்பி வருவேன் என்று சொல்கிறவர்கள் படமெடுக்கும்போது பிள்ளையின் தோளில் ஒரு கையை வைக்க வேண்டும். முகம் வராது, கை மட்டும். பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற நேரத்தில் யாரும் காமிராவுக்கு முகம் காட்டமாட்டார்கள் என்று அப்போதைய தலைமையம்மா செய்து வைத்த ஏற்பாடு அது. திரும்பி வந்தால் அந்தப் படத்தையும் வந்தவர் கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நகம், தழும்பு, விரலின் வளைவு எல்லாம் பார்ப்போம். கையுள்ள படத்தைக் கைப்படம் என்போம், மற்றது தனிப்படம். தனிப்படக் குழந்தைகளை மட்டும்தான் தத்துக் கொடுக்கலாம்.

என் மகளும் அந்த இல்லத்திலிருந்து வந்தவள்தான். இதை நாங்கள் அவளிடம் மறைத்ததே இல்லை. விவரம் தெரிந்த வயதில் உட்காரவைத்துச் சொன்னோம். அவள் முழுசாகக் கேட்டுவிட்டு, "சரிப்பா, இப்ப நான் விளையாடப் போகட்டுமா?" என்று ஓடிவிட்டாள்.

எனக்கும் என் மனைவிக்கும் கல்யாணமாகிப் பல வருடம் குழந்தை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை. சொந்தக்காரர்கள் நாக்கில் நரம்பில்லாமல் பேசினார்கள். ஒருநாள் நான் மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க அவள் இல்லத்துக்கு வந்தாள். இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று தத்தித் தத்தி நடந்து வந்து அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. விரலை உருவிக்கொண்டு கிளம்புவதற்குள் என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குப் போயும் அந்த விரலையே தடவிக்கொண்டிருந்தாள்.

அந்த மழைக்காலத்தில் இல்லத்துக்குள் வெள்ளம் புகுந்தது. கீழ்த்தளத்திலிருந்த காகிதங்கள் எல்லாம் கூழாகிவிட்டன. தண்ணீருக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது, அதைக் குறிப்பாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மாடியில் என் அறையிலிருந்த நெகட்டிவ்கள் தப்பித்தன. அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மனைவி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இவளைத் தேடிக்கிட்டு யாரும் வந்துடமாட்டாங்களே?"

"வரமாட்டாங்க" என்றேன்.

சந்தோஷமாக இருந்தோம் சார். அதைச் சொல்லாமல் விட்டால் இந்த வாக்குமூலம் அரைகுறையாகிவிடும். மகள் வளர்ந்தாள், படித்தாள், ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தாள். வீட்டில் நானும் மனைவியும் செய்கிற சில்லறைத் தப்புகளையெல்லாம் சிவப்புப் பேனா எடுக்காத குறையாகத் திருத்துவாள். போன வருடம் என் மனைவி போய்விட்டாள். இரண்டு தட்டு வைத்துச் சாப்பிட உட்காரும்போது மூன்றாவது நாற்காலியை நாங்கள் இருவருமே பார்க்கமாட்டோம். அந்த வீட்டில் எனக்கென்று மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான் என்பது அப்போது உறைத்தது. அன்றிலிருந்து எனக்குள் ஒரு பயம் புகுந்துகொண்டது. அவள் ஸ்கூலிலிருந்து வரக் கொஞ்சம் தாமதமானாலும் தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

அதே சமயத்தில்தான் இல்லத்தில் இந்த டிஜிட்டல் வேலை ஆரம்பித்தது. புகைப்படம் எடுக்கிற வேலை என்றைக்கோ முடிந்துபோய், நான் பழைய ஃபிலிம்களைப் பார்த்துக்கொள்கிறவனாக ஆகியிருந்தேன். ஃபிலிம் பழசானால் புளித்த காடி நாற்றம் அடிக்கும். பெட்டியைத் திறந்தால் கண் எரியும். புதிதாக வந்த இயக்குநர் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டே என் அறையைச் சுற்றிப் பார்த்தார். "எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிடுவோம். பண்ணி முடிச்சதைச் சரிபார்த்துட்டு ஃபிலிமைக் கழிச்சு விட்டுடலாம். இந்த அறை நமக்கு வேணும்" என்றார். கூடவே ஓர் அறிவிப்பும் கொடுத்தார்: இங்கே வளர்ந்தவர்களும், பிள்ளைகளை இங்கே விட்டுப் பிறகு தேடுகிறவர்களும் வந்து படங்களைப் பார்க்கலாம் என்று.

ஸ்கேனருக்கு மென்பொருள் தேர்ந்தெடுக்க என்னையும் கம்ப்யூட்டர் தம்பியையும் போட்டார்கள். தம்பி என்று கூப்பிடுகிறேனே தவிர, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். வேலையில் கெட்டிக்காரர். நல்ல மனிதர். அவரைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன்.

கடைசிச் சுற்றில் இரண்டு மென்பொருள்கள் நின்றன. பெயர்கள் வாயில் நுழையாததால் தம்பி ஒன்றுக்கு மாமியார் என்றும் இன்னொன்றுக்கு மாப்பிள்ளை என்றும் பெயர் வைத்தார். மாமியார் எதையும் விட்டுவைக்காது. ஃபிலிமில் தூசி இருந்தால் தூசியைக் காட்டும், கீறல் இருந்தால் கீறலைக் காட்டும், வேலையும் ஆமை வேகத்தில் நடக்கும். மாப்பிள்ளை பார்க்க லட்சணம். வேகம். எந்தக் குறையும் வெளியே தெரியாமல் பூசி மெழுகிவிடும். காரணம், அதிலிருந்த அகச்சிவப்புத் துப்புரவு என்ற வசதி.

இங்கேதான் தொழில் விஷயம். வண்ண ஃபிலிமில் படம் சாயத்தால் ஆனது. அகச்சிவப்பு ஒளி சாயத்தைக் கடந்து போய்விடும், தூசியும் கீறலும்தான் அதை மறிக்கும். ஒளி எங்கே மறிக்கப்படுகிறதோ அங்கே அழுக்கு இருக்கிறது என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். பக்கத்திலிருக்கிற நிறத்தை இழுத்து அந்த இடத்தில் பூசிவிடும். அருமையான ஏற்பாடு. ஆனால் பழைய கறுப்பு வெள்ளை ஃபிலிமில் சாயம் கிடையாது, வெள்ளித் துகள். வெள்ளி அந்த ஒளியை மறித்துவிடும். அதனால் மென்பொருள் படத்தையே அழுக்கு என்று நினைத்துக்கொள்ளும். நெகட்டிவில் வெள்ளி தடிமனாகப் படிவது, எடுக்கும்போது வெளிச்சமாக இருந்த இடங்களில். அதாவது முகம், கை, பலகையில் எழுதிய சாக்பீஸ் எண். இவை போய்விடும். தலைமுடி இருக்கும், பலகை இருக்கும், சுவர் இருக்கும்.

கறுப்பு வெள்ளைக்கு அந்த வசதியை அணைத்து வைக்க மறப்பது, ஸ்கேனர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்கிற தவறு. ஒரு படத்தைச் செய்து பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்திவிடுவார்கள்.

"சார், நம்மகிட்ட இருக்கிறது முக்காவாசி கறுப்பு வெள்ளை. மாமியாரையே கட்டிக்குவோம். தூசியோட வந்தாலும் முகம் முகமா இருக்கும்" என்று தம்பி சொன்னார். நானும் சரி என்றுதான் தலையாட்டினேன். அப்போது எனக்கு வேறு எண்ணம் எதுவும் இல்லை, சத்தியமாக.

அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வேலை இன்னும் தொடங்கவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினோம். ஒரு மத்தியானம் கூடத்து பெஞ்சில் ஒரு தையல்காரம்மா உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது, கழற்ற மறந்து வந்திருக்கிறார். "ரெண்டு வயசுப் பொண்ணுங்கய்யா. நுரையீரல்ல நோயின்னு என்னைய ஆஸ்பத்திரியில வெச்சுட்டாங்க. திரும்பி வந்தப்போ வெள்ளம் வந்து எல்லாம் போயிடுச்சுன்னாங்க. படம் எடுத்தாங்கய்யா, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. என் கைய அவ தோள்ல வெச்சேன்" என்றார்.

அவர் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. எனக்கு மீசை நரைத்து, முடி போய், வயிறும் வந்துவிட்டது. நான் அவரைக் கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். வலது புறங்கையில் கட்டைவிரலுக்கு அருகில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு. பிறை மாதிரி இருக்கும். விளக்குப் பெட்டியில் வைத்து அந்தக் கையை ஒருமுறை வெகுநேரம் பார்த்திருக்கிறேன்.

ஆமாம் சார். வெள்ளத்துக்குப் பிறகு எந்தக் குழந்தை எந்த வகை என்று மறுபடி பிரிக்க வேண்டியிருந்தது. நெகட்டிவைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் சொல்லச் சொல்லத் தலைமையம்மா எழுதிக்கொண்டார். அந்தப் பெண்ணின் படம் வந்ததும் தனிப்படம் என்றேன். குரல் நடுங்கும் என்று நினைத்தேன், நடுங்கவில்லை. ஒரு வருடம் கழித்து இந்த அம்மா எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தபோது, வெள்ளத்தால் சில பிள்ளைகளை வேறு ஊர் இல்லங்களுக்கு மாற்றிவிட்டார்கள் என்று வாசலிலேயே சொல்லி, முகவரிகள் எழுதிக் கொடுத்தேன். அத்தனையும் உண்மையான முகவரிகள். பொய் முகவரி கொடுத்து ஒரு பெண்ணை அலையவிடுகிற ஆள் இல்லை நான்.

அந்த முகவரிகளுக்கெல்லாம் அவர் போயிருக்கிறார். பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வோர் ஊராகச் சொன்னார். தையல் மெஷினை விற்றுவிட்டுப் போன ஊர், வாடகைக்கு மெஷின் எடுத்துத் தைத்துக்கொண்டே தேடிய ஊர். எனக்குப் பாவமாக இருந்தது. உள்ளே போய் ஒரு டீ வாங்கிவரச் சொல்லிக் கொடுத்தேன்.

அன்று வீட்டுக்குப் போனால் மகள் துணி மடித்துக்கொண்டே, "அப்பா, அம்மா போனதுலேருந்து எனக்கு என்னமோ அந்தப் படத்தைப் பார்க்கணும்போல இருக்கு. நான் சின்னதுல எப்படி இருந்தேன்னு. ஸ்கேன் பண்ணினதும் எனக்குக் காட்டுறீங்களா?" என்றாள்.

"அதுக்கென்னம்மா, காட்டிட்டாப் போச்சு" என்றேன்.

நீங்கள் கேட்கலாம், அந்த ஒரு நெகட்டிவை மட்டும் எடுத்துக் கிழித்துப் போட்டிருக்கலாமே என்று. நானும் அதைத்தான் முதலில் யோசித்தேன். ஃபிலிம் துண்டுகளுக்கு வரிசை எண் உண்டு, அறைச் சாவி என்னிடம் மட்டும்தான் இருந்தது. ஒன்று காணாமல் போனால் அது திருட்டு, என்னைத்தான் கேட்பார்கள். அந்த ஒரு படம் மட்டும் கெட்டுப்போயிருந்தாலும் சந்தேகம் வரும், ஃபிலிமை எடுத்து மறுபடி பார்ப்பார்கள். எல்லாமே கெட்டுப்போனால் அது கோளாறு. கோளாறுக்கு யாரும் உள்நோக்கம் தேடமாட்டார்கள்.

இதை நான் ஆத்திரத்தில் முடிவு செய்யவில்லை. ஒரு வாரம் போல நிதானமாக யோசித்தேன். ஒவ்வொரு நாளும் அந்தத் தையல்காரம்மா பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்.

முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும் அல்லவா. தம்பி சாப்பிடப் போன நேரத்தில் அந்த நெகட்டிவை இரண்டிலும் போட்டேன். மாமியாரில் எல்லாம் வந்தது. எண், கலைந்த முடி, அழப் போகிற உதடு, தோளில் கை, கையில் தழும்பு. என் மகளின் முகம் சார் அது. நான் கழுதைபோலக் கத்தியும் சிரிக்காத முகம். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். பிறகு துப்புரவைப் போட்டு மாப்பிள்ளையில் ஸ்கேன் செய்தேன். முகம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ வழிந்திருந்தது. கை இல்லை. பலகை வெறுமையாக இருந்தது. இரண்டு கோப்புகளையும் அழித்துவிட்டு, கைகழுவிவிட்டு, தம்பி வருவதற்குள் நானும் சாப்பிட உட்கார்ந்தேன்.

இயக்குநர் அம்மாவுக்கு நான் கொடுத்த ஒப்பீட்டு அறிக்கையில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. கடைசி வருடங்களில் எடுத்த வண்ண ஃபிலிம் கொஞ்சம் இருந்தது. அதைத்தான் மாதிரிக்கு எடுத்துக்கொண்டேன். மாமியாரின் படத்தில் தூசி மழை பெய்திருந்தது. மாப்பிள்ளையின் படத்தில் குழந்தைகள் பளிச்சென்று சிரித்தார்கள். "இதைப் போய் எதுக்கு யோசிக்கணும்?" என்றார் அம்மா. தம்பி எழுந்து, "மேடம், இது கலர். கறுப்பு வெள்ளையில இதைப் போட்டா மூஞ்சியே போயிடும்" என்றார். "கறுப்பு வெள்ளைக்கு அதை அணைச்சுக்கலாம் மேடம், ஒரே ஒரு பட்டன்தான்" என்றேன். அதுவும் உண்மைதான். தம்பிக்கு முகம் சுண்டிவிட்டது. மாப்பிள்ளையை நிறுவிக் கொடுத்த கையோடு அவரை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். ஸ்கேன் செய்வதும் நான், சரிபார்ப்பதும் நான்.

அந்தப் பட்டனை நான் அணைக்கவில்லை.

மாதக்கணக்கில் வேலை நடந்தது. வெள்ளைக் கையுறை போட்டு, ஊதுகுழலால் ஒவ்வொரு துண்டையும் ஊதி, சட்டத்தில் பொருத்தி, ஒழுங்காகச் செய்தேன். எந்த நெகட்டிவிலும் என் விரல் ரேகை விழுந்ததில்லை. இயக்குநர் அம்மா எட்டிப் பார்க்கும்போதெல்லாம் திரையில் முன்பார்வைதான் தெரியும். துப்புரவு நடப்பது அதற்குப் பிறகு. முன்பார்வையில் பிள்ளைகள் அழகாக நிற்பார்கள். "அட, இந்தப் பொடிசைப் பாருங்களேன்" என்று அவர் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அவர் போனதும் படம் முழுதாகச் சேமிப்பில் விழும், அந்த முகம் போய்விடும். ஒரு பெட்டி முடிந்ததும் சரிபார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டு ஃபிலிமைக் கழிவுக்கு அனுப்புவேன்.

ஒன்றும் தோன்றவில்லையா என்று கேட்கிறீர்கள். தோன்றியது. நான் எடுத்த படங்கள்தானே அவை. எத்தனையோ பிள்ளைகளுக்கு உலகத்தில் இருந்த ஒரே சின்ன வயதுப் படம் அது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் யாருக்கும் ஒரு கீறல்கூடப் படவில்லை. அவர்கள் எல்லாரும் எங்கேயோ வளர்ந்து, வேலை பார்த்து, சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு படம் போயிற்று. உண்மை வெளியே வந்திருந்தால் எனக்கு மகளே போயிருப்பாள். இதைத் தராசில் வைத்துப் பாருங்கள்.

ஃபிலிம் எல்லாம் போன பிறகு படங்களைப் பார்க்கத் திறந்துவிட்டார்கள். முதல் நாளே கூச்சல். ஒரு லாரி ஓட்டுநர் திரை முன்னால் நின்று, "இது யாருய்யா? மண்டை இருக்கு, மூஞ்சி எங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அடுத்து ஒரு நர்ஸ், கூடப்பிறந்த தம்பியைத் தேடி வந்தவர், தரையில் உட்கார்ந்துவிட்டார். தையல்காரம்மா மட்டும் விடவில்லை. "முகம் வேணாம்யா. கை தெரிஞ்சாப் போதும். என் கைய எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொரு படமாக நகர்த்தச் சொன்னார். ஒரு படத்திலும் கை இல்லை.

விசாரணை வந்தது. மென்பொருளின் அமைப்புகளுக்கு யார் பொறுப்பு என்றார்கள். "கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டதெல்லாம் தம்பிதான் சார் பார்ப்பார்" என்றேன். நிறுவியது அவர்தானே. அவரைப் பணிநீக்கம் செய்வதாக முடிவானது. பெரிய பிள்ளைக்கு அந்த வருடம்தான் காலேஜ். அது எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை.

என் மகள் அன்றாடம் ஸ்கூல் முடிந்ததும் இல்லத்துக்கு வர ஆரம்பித்தாள். அவளுடைய படமும் போய்விட்டது என்று நான்தான் சொன்னேன். அவள் அழவில்லை. "பரவாயில்லப்பா, எனக்காவது நீங்க இருக்கீங்க. பாவம், மத்தவங்க" என்றாள். சார், அதைக் கேட்டபோது நான் செய்தது சரி என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அவள் மற்றவர்களுக்கு உதவி செய்கிறேன் என்று கூடத்தில் உட்கார்ந்துகொண்டாள். கணக்கு டீச்சர் அல்லவா, படங்களை வருடவாரியாகப் பிரித்து, முடியையும் உயரத்தையும் வைத்து யார் யாராக இருக்கலாம் என்று கண்டுபிடிக்கப் பார்த்தாள்.

அதிக நேரம் அவள் உட்கார்ந்தது அந்தத் தையல்காரம்மாவின் பக்கத்தில்தான். மாடியில் என் அறை ஜன்னல் கூடத்தைப் பார்த்தபடி இருக்கும், அதிலிருந்து அந்த பெஞ்ச் தெரியும். இருவரும் ஒரே டம்ளர் டீயைப் பங்கு போட்டுக் குடித்தார்கள். மகளின் சட்டைக் கையில் பிரிந்திருந்த தையலைப் பார்த்துவிட்டு, அந்த அம்மா பையிலிருந்து ஊசி நூல் எடுத்து, போட்டிருந்த நிலையிலேயே தைத்துக் கொடுத்தார். "எம் பொண்ணும் உன் வயசுதான் இருப்பா" என்றாராம். மகள் வீட்டில் வந்து சொன்னாள். "அப்பா, அந்தம்மாவுக்கு எப்படியாவது கண்டுபிடிச்சுக் குடுக்கணும்பா." நான் அவளுக்கு இன்னும் கொஞ்சம் சாப்பாடு வைத்தேன்.

மாட்டிக்கொண்டது என்னுடைய ஒழுங்கால்தான். தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளத் தம்பி நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்த பழைய கம்ப்யூட்டரைக் குடைந்திருக்கிறார். மாமியார் என்று சொன்னேனே, அது எதையும் விட்டுவைக்காது என்று. ஸ்கேன் செய்கிற ஒவ்வொன்றிலும் தொடாத பிரதி ஒன்றைத் தனக்கென்று தனி இடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுமாம். இது எனக்குத் தெரியாமல் போயிற்று. ஒப்பிட்டுப் பார்க்காமலேயே இருந்திருந்தால் அந்த முகமும் எல்லா முகங்களோடும் போயிருக்கும். ஸ்கேன் செய்தவர் பெயர், நேரம் எல்லாம் அதிலேயே இருந்தது. தெரிந்துதான் செய்தேன் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

தம்பிக்கு அதைப் பற்றியெல்லாம் யோசிக்கத் தோன்றவில்லை. நல்ல மனிதர் என்று சொன்னேன் அல்லவா. "ஒரு முகமாவது கிடைச்சிருக்கு, வாங்க, வாங்க!" என்று கத்திக்கொண்டு கூடத்துக்கு ஓடிவந்து, அங்கிருந்த பெரிய திரையில் போட்டார். அத்தனை பேரும் எழுந்து வந்தார்கள். நான் ஜன்னலில் நின்றேன். அந்த அம்மா திரைக்குப் பக்கத்தில் போய், படத்திலிருந்த கையின்மேல் தன் கையை வைத்தார். தழும்பும் தழும்பும் ஒன்றாக இருந்தன. "இது நான்" என்றார்.

என் மகள் எண்ணைப் பார்த்தாள். தத்துக் காகிதத்தில் இருக்கிற எண் அவளுக்கு மனப்பாடம். பிறகு முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாவின் கையைத் திரையிலிருந்து எடுத்துத் தன் இரண்டு கைகளிலும் வைத்துக்கொண்டாள். கடைசியாகத்தான் மாடி ஜன்னலைப் பார்த்தாள். அவளுக்குக் கணக்குப் போடக் கற்றுக்கொடுத்தவன் நான். போட்டுவிட்டாள். அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை சார்.

மேலே வந்தாள். ஒரே ஒரு கேள்விதான். "உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். அவளிடம் நான் பொய் சொன்னதில்லை.

இதுதான் எல்லாம். ஒரு கைப்படத்தைத் தனிப்படம் என்று சொல்லி ஒரு தாயிடமிருந்து பிள்ளையை எடுத்துக்கொண்டேன். அது வெளியே வராமல் இருக்க அந்த இல்லத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களிலிருந்த பிள்ளைகள் அத்தனை பேர் முகத்தையும் தெரிந்தே அழித்தேன். பழியை ஒரு நல்ல மனிதர்மேல் போட்டேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

போட்டுவிட்டேன். இனி ஒரு சின்ன உதவி மட்டும். மகள் அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த அம்மாவும் கூட இருக்கிறார், கதவு திறந்தபோது பார்த்தேன். அவர் தோளில் சாய்ந்துகொண்டிருக்கிறாள். அசதியாக இருக்கும். கோபம் வந்தால் சாப்பிடமாட்டாள், அது அவள் வழக்கம். ஏதாவது வாங்கிக் கொடுத்து, அப்பா இங்கே வேலை முடிந்ததும் வந்துவிடுவார், நேராக வீட்டுக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு இருக்கச் சொன்னார் என்று சொல்லுங்கள். போய்விடுவாள். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?